கொல்கத்தா தேசிய நூலகத்தில் தாத்தாவின் புத்தகத்தைத் தேடுவது எப்படி

என் அம்மாவின் அப்பா பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 1959-இல் பிள்ளைகளுக்காக, ஆத்திசூடி மாதிரி அகர வரிசையில் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்தார். மொத்தம் 32 பக்கம். வீட்டில் கடைசியாக இருந்த கட்டு கறையானுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் வீட்டுப் பரண்களிலும் இல்லை. வேலைக்காக நான் கொல்கத்தா வந்து பதினைந்து வருஷம் ஆன பிறகுதான் தெரிந்தது, அந்தப் புத்தகம் இவ்வளவு நாளும் நான் இருக்கும் ஊரிலேயே, பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருந்திருக்கிறது என்று.

அதற்கப்புறம் ஊரிலிருந்து யாராவது போன் செய்து, "தேசிய நூலகத்தில் ஒரு புத்தகம் பார்க்கணும், எப்படிப் போறது?" என்று கேட்டால், முடிந்தவரை கூடவே போய்வருகிறேன். ஒவ்வொருவரிடமும் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே வழியில் வந்து சேர்ந்தவை கிடையாது. நாம் தேடும் புத்தகம் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்துகொண்டு போனால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். தெரியாமல் போனால் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் கையில் எதுவும் வராது. அதனால் நூலகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தேடும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எந்த வாசல் வழியாக வந்தது?

1836-இல் கல்கத்தா பொது நூலகம் என்று ஒன்று தொடங்கினார்கள். அது அரசாங்கத்தின் நூலகம் இல்லை. ஊர்ப் பெரியவர்களும் வெள்ளைக்காரர்களும் பணம் போட்டு நடத்தியது. 300 ரூபாய் கட்டினால் உரிமையாளர்களில் ஒருவராகலாம். முதல் உரிமையாளர் துவாரகநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் தாத்தா. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்கால்ஃப், வில்லியம் கோட்டைக் கல்லூரி நூலகத்திலிருந்து 4,675 நூல்களை இதற்குக் கொடுத்தார். 1844-இல் இந்த நூலகம் ஹூக்ளி ஆற்றங்கரைச் சாலையில் உள்ள மெட்கால்ஃப் மண்டபத்துக்கு வந்தது. மேல் மாடியில் நூலகம், கீழே தோட்டக்கலைச் சங்கம். ஏழை மாணவர்கள் காசில்லாமல் வந்து படிக்கவும் இடம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை.

இன்னொரு பக்கம், 1891-இல் அரசாங்கம் தன் தலைமைச் செயலகத் துறைகளின் நூலகங்களை ஒன்றுசேர்த்து இம்பீரியல் நூலகம் என்று வைத்தது. அதில் பெரிய அதிகாரிகள் மட்டும்தான் படிக்கலாம். வைஸ்ராய் கர்சன் வந்து இரண்டையும் பார்த்தார். ஒன்று பொதுமக்களுடையது, ஆனால் நலிந்து கிடந்தது. மற்றது வளமாக இருந்தது, ஆனால் பூட்டிக் கிடந்தது. பொது நூலகத்தின் உரிமைகளை அரசாங்கம் விலைக்கு வாங்கி, இரண்டையும் இணைத்து, 1903 ஜனவரி 30 அன்று மெட்கால்ஃப் மண்டபத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இந்தியாவைப் பற்றி எந்தக் காலத்தில் எழுதப்பட்ட நூலானாலும் முடிந்தவரை அங்கே கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நோக்கம். முதல் நூலகர் ஜான் மெக்ஃபார்லேன், பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பின் 1907-இல் ஹரிநாத் டே வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அறிந்தவர். 1911-இல், 34 வயதிலேயே இறந்துபோனார்.

இந்த இரண்டு வாசல் வழியாகவும் வந்தவை பெரும்பாலும் ஆங்கில நூல்களும் அரசாங்க ஆவணங்களும்தான். திருநெல்வேலி கெசட்டியர், பழைய மக்கள்தொகைக் கணக்கு அறிக்கை, சென்னை மாகாண நில அளவை பற்றிய புத்தகம் இப்படி ஏதாவது உங்களுக்குத் தேவையென்றால் இந்த அடுக்கில் தேடுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு இங்கே அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். 1867-ஆம் ஆண்டுப் புத்தகப் பதிவுச் சட்டப்படி, சென்னை மாகாணத்தில் அச்சானவை சென்னை மாகாண அரசிடம்தான் போயின. கல்கத்தாவுக்கு அவை தானாக வந்துசேர வழியில்லை.

மூன்றாவது வாசல் தனி மனிதர்களின் சேகரிப்பு. வர்த்தமான் மாவட்டத்துப் புஹார் கிராமத்து ஜமீன்தார் குடும்பத்தின் அரபி, பாரசீகச் சுவடிகள் 1904-இல் வந்தன. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜியின் வீட்டு நூலகம், 80,000-க்கும் மேற்பட்ட நூல்களோடு, 1949-இல் அவர் குடும்பத்தாரின் நன்கொடையாக வந்தது. வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்காருடைய சேகரிப்பும் இங்கே இருக்கிறது. தமிழர்களாகிய நமக்கு இந்த வரிசையில் முக்கியமானது எஸ். வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பு. 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர், புறத்திரட்டு என்ற பழம்பாடல் தொகுப்பைப் பதிப்பித்தவர், 1956-இல் மறைந்தவர். அவர் சேர்த்து வைத்த அச்சு நூல்களும் சுவடிகளும் இந்த ஊருக்கு வந்து தனித் தொகுப்பாக இருக்கின்றன. திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது இந்த நூலகம் இருக்கும் அலிப்பூரில் இருக்கிறது என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்த ஆய்வாளர்கள் வந்து பார்த்துப் போகிறார்கள்.

நான்காவது வாசல்தான் என் தாத்தாவின் புத்தகம் வந்த வழி. 1954-இல் புத்தக ஒப்படைப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை, வெளியான 30 நாளுக்குள், வெளியிட்டவரே தன் செலவில் இந்த நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதோடு இன்னும் மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். 1956-இல் நாளிதழ், வார, மாத இதழ்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரை அபராதம், கூடவே புத்தகத்தின் விலை. அபராதத்துக்குப் பயந்து அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. தாத்தா மாதிரி, சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் அனுப்பியவர்கள் நிச்சயம் இருந்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் புத்தகத்தின் ஆண்டு 1954-க்கு முன்னா, பின்னா என்பதுதான் முதல் கேள்வி. பின் என்றால் இங்கே இருக்க நல்ல வாய்ப்பு. முன் என்றால், தமிழ் நூலாக இருக்கும்பட்சத்தில், ரயிலேறுவதற்கு முன் சென்னையில் தேடுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் கன்னிமாரா மூன்றையும் முதலில் பாருங்கள். 1954-க்குப் பின் வந்த நூலானாலும் கன்னிமாராவைக் கேட்டுவிடுவது நல்லது. சட்டப்படி பிரதி பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. மும்பை, டெல்லி நூலகங்கள் மற்ற இரண்டு. எனக்கு அலிப்பூர் பக்கத்தில் இருந்தது, அதனால் இங்கே தேடினேன். உங்களுக்கு எழும்பூர் பக்கம் என்றால் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டாம்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய சிக்கல்

நூலகத்தின் கணினிப் பட்டியலை வீட்டில் இருந்தபடியே இணையத்தில் தேடலாம். ஆனால் நாம் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது போல இங்கே தட்டினால் ஏமாந்துபோவோம். பழைய பதிவுகளில் இந்திய மொழித் தலைப்புகளை ஒரு கறாரான முறையில் ரோமன் எழுத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அது கிட்டத்தட்டப் பேரகராதியின் முறைதான்.

சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 'ச' வந்தால் சி எழுத்து. எஸ் கிடையாது. 'க' எங்கே வந்தாலும் கே. சொல்லின் நடுவில் நாம் ஜி போல ஒலித்தாலும் கேதான். 'த' வந்தால் டி மட்டும், கூட எச் சேர்க்கக் கூடாது. 'ழ' வந்தால் எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, 'ள' வந்தால் எல் அடியில் ஒரு புள்ளி. 'ற', 'ன' இரண்டுக்கும் அடியில் கோடு, 'ண' வந்தால் புள்ளி. நெடிலுக்குத் தலைக்கு மேல் கோடு. தேடும்போது இந்தக் கோடு, புள்ளிகளை விட்டுவிட்டு வெறும் எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். 'குழந்தை' என்ற சொல்லை கே, யு, எல், ஏ, என், டி, ஏ, ஐ என்று அடிக்க வேண்டும். இசட் எச் போட்டால் வராது. அப்புறம் அதே தலைப்பைத் தமிழ் எழுத்திலும் ஒரு முறை, நம் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒரு முறை தேடுங்கள். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் பதிந்தவை, அதனால் மூன்றும் தேவைப்படும்.

அடுத்த சிக்கல் பெயர். நம் ஆட்களின் பெயர் அச்சில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, குடும்பத்தில் ஒரு மாதிரி இருக்கும். தாத்தாவை எங்களுக்குத் தெரிந்த பெயரில் தேடியபோது ஒன்றும் வரவில்லை. புத்தகம் போட்ட காலத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'வித்துவான்', பின்னால் சாதிப் பட்டம், முன்னெழுத்தாக அப்பா பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து அச்சிட்டிருக்கிறார். பட்டத்தைப் பின்னாளில் அவரே விட்டுவிட்டதால் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் தேடுபவருக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் அதைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெயர் வடிவம் அதில் அப்படியே இருக்கும்.

கணினியில் கிடைக்கவில்லையா, சோர்ந்துபோகாதீர்கள். இந்திய தேசிய நூற்பட்டி என்று ஒரு தொகுதி வரிசை இருக்கிறது. ஒப்படைப்புச் சட்டத்தின்படி வந்துசேரும் நூல்களைக் கொண்டு 1958-இலிருந்து வெளியிடுகிறார்கள். சுதந்திர இந்தியாவில் இந்த நூலகத்தைக் கட்டியெழுப்பிய நூலகர் பி. எஸ். கேசவனின் முயற்சியில் பிறந்தது. எல்லா மொழி நூல்களும் ஒன்றாக, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி பகுப்பு எண் வரிசையில், ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. ஒவ்வொரு பதிவோடும் நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு எண்ணும் இருக்கும். பின்பகுதியில் ஆசிரியர், தலைப்பு அகரவரிசை உண்டு. பொறுமையாகத் தேட அதுதான் சரியான இடம்.

தாத்தா புத்தகத்தின் தலைப்பு 'சிறுவர்' என்று தொடங்கும். 1959 தொகுதியை எடுத்து எஸ் வரிசையில் விரல் வைத்துத் தேடினேன், இல்லை. 1960 தொகுதியிலும் எஸ்ஸில் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் 'ச' எழுத்துக்கு சி என்பது நினைவுக்கு வந்தது. 1960 தொகுதி, சி வரிசை, மூன்றாவது பக்கம். வித்துவான் பெயர், ஊர், ஆண்டு, 32 பக்கம் எல்லாம் ஒன்றரை வரியில் இருந்தது. 1959-இல் அச்சானது 1960 தொகுதியில் ஏன் என்று கேட்டால், புத்தகம் நூலகத்துக்கு வந்துசேர்ந்து பதிவாகக் காலம் பிடிக்கும். அதனால் அச்சான ஆண்டோடு நிறுத்தாமல் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுத் தொகுதிகளையும் பாருங்கள்.

ஊருக்கு வருவது, தங்குவது

சென்னையிலிருந்து மெயில் ரயிலில் வந்தால் ஹவுராவில் இறங்கலாம், கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஷாலிமார் நிலையம் வரை போகும். எதில் வந்தாலும் ஒரு பகலும் ஒரு இரவும் ஓடிவிடும். லேக் மார்க்கெட் பக்கம் தங்குங்கள். தென்னிந்தியர்கள் பல தலைமுறையாக இருக்கும் இடம். காலையில் இட்லி, காபி கிடைக்கும், தமிழ் பேசும் கடைக்காரர்களும் உண்டு. அங்கிருந்து நூலகம் டாக்சியில் கொஞ்ச தூரம்தான். ஓட்டுநரிடம் "நேஷனல் லைப்ரரி" என்றால் போதும், புரியாவிட்டால் "சிரியாகானா" என்று சொல்லுங்கள். மிருகக்காட்சி சாலை. நூலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதனாலேயே ஒரு எச்சரிக்கை. கிறிஸ்துமஸ் நாளிலும் புத்தாண்டு அன்றும் ஊரில் பாதிப் பேர் குழந்தைகளோடு மிருகக்காட்சி சாலைக்கு வந்துவிடுவார்கள். சாலையைக் கடக்கவே அரை மணி ஆகும். துர்கா பூஜை நாட்களும் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை புழுக்கம் நம்மூர் வெயிலை விட மோசம். நவம்பரோ பிப்ரவரியோ வந்தால் சுகம். நூலகம் குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய மூன்று நாள் தவிர மற்ற நாளெல்லாம் திறந்திருக்கும். நேரம் வார நாளுக்கும் சனி, ஞாயிறுக்கும் வேறு, கிளம்பும் முன் இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பெரிய வெள்ளை மாளிகை தெரியும். அதுதான் பெல்வெடேர். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்த வீடு, சுற்றி 30 ஏக்கர் வளாகம். நூலகம் மெட்கால்ஃப் மண்டபத்திலிருந்து எஸ்பிளனேடுக்கும், போர்க்காலத்தில் வேறொரு கட்டடத்துக்கும் மாறி, கடைசியில் இங்கே வந்தது. 1948-இல் இம்பீரியல் என்ற பெயர் போய் தேசிய நூலகம் ஆனது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் இதைத் திறந்துவைத்தார். நம் அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இந்த நூலகத்தின் பெயர் இருக்கிறது. 2010-இல் பழுதுபார்க்கும்போது தரைத்தளத்தில் கதவு, ஜன்னல் எதுவும் இல்லாத ஒரு மூடிய அறையைக் கண்டுபிடித்தார்கள். புதையல் இருக்கும் என்று ஊரே பேசியது. உள்ளே இருந்தது மண்தான், கட்டடத்தைத் தாங்குவதற்காக நிரப்பியது. வாசகர்கள் போக வேண்டியது இந்த மாளிகைக்கு இல்லை, பக்கத்தில் உள்ள புதிய கட்டடத்துக்கு, பாஷா பவன் என்று பெயர். படிப்பறை அங்கேதான்.

உள்ளே என்ன செய்ய வேண்டும்

வாசகர் அட்டைக்கு அடையாள அட்டையின் அசல், இரண்டு நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம் கையில் இருக்கட்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஓரிரு நாளுக்கு மட்டும் வருபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லி, நாள் அனுமதி கேளுங்கள். பையை வாசலில் கொடுத்துவிட வேண்டும். அதனால் நோட்டு, பென்சில், கண்ணாடி மூன்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை விட பென்சில் நல்லது, பழைய நூல் பக்கத்தில் மை பட்டால் போகாது.

இங்கே நாமே அலமாரிக்குப் போய் எடுக்க முடியாது. சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர், தலைப்பு, கால் நம்பர் (புத்தகம் அலமாரியில் எங்கே என்று காட்டும், பட்டியலில் உள்ள எண்), உங்கள் அட்டை எண். இதில் கால் நம்பர்தான் உயிர். ஒரு எண், ஒரு புள்ளி தவறினாலும் வேறு புத்தகம் வரும், இல்லாவிட்டால் சீட்டு திரும்பி வரும். பட்டியலைப் பார்த்து எழுதிய பிறகு, இன்னொரு முறை ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் முதல் வேலையாகச் சீட்டைக் கொடுங்கள், கொண்டுவர நேரமாகும். அந்த நேரத்தில் அடுத்த சீட்டுக்கான தேடலைச் செய்யலாம்.

ஊழியர்களிடம் பேசத் தயங்க வேண்டாம். ஆண்களை "தாதா", பெண்களை "தீதி" என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நம்மூரில் தாதா என்றால் அர்த்தம் வேறு, இங்கே அண்ணன். எந்த மொழிப் பிரிவு என்று கேட்டால் "தமிழ்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு இந்திய மொழிக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, அந்தப் பிரிவில் உள்ளவருக்குத் தமிழ் எழுத்து தெரியும். உங்கள் தாளில் உள்ள பெயர் வடிவங்களை அவரிடம் காட்டினால் பாதி வேலை குறைந்தது. நாளிதழ்கள் தேவையென்றால் மட்டும், அவை எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன, இப்போது பார்க்க முடியுமா என்று வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

சுவடி பார்ப்பது வேறு கதை. வையாபுரிப் பிள்ளை தொகுப்பில் ஒரு ஏடு பார்க்க வேண்டும் என்றால், உங்கள் கல்லூரி அல்லது நிறுவனத்தின் கடிதத்தோடு முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். நேரில் வந்து அன்றைக்கே கேட்பது சரிவராது. ஏடு படித்துப் பழகாதவர்கள், பழகிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வருவது நல்லது. ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள். எ, ஏ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, துணைக்காலும் ரகரமும் ஒன்று போல இருக்கும். 'அரசர்' என்று எழுதியிருப்பதை 'அாசா' என்று நம் கண் படிக்கும். அச்சைப் படித்தே வளர்ந்தவர்களுக்கு முதல் நாள் முழுக்க ஒரு ஏடு கூட நகராது. அந்த ஒரு நாளையும் கணக்கில் சேர்த்துப் பயணச்சீட்டு எடுங்கள்.

நகல் எடுத்துத் தரும் பிரிவு உண்டு. ஆனால் தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் நகலுக்குக் கொடுக்காமல் போகலாம், கொடுக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். முதலில் கையால் எழுதிக்கொள்ளத் தயாராக வாருங்கள்.

அந்த 32 பக்கம்

தாத்தாவின் புத்தகம் கெட்டி அட்டைக்குள் தைக்கப்பட்டு வந்தது. நூலகத்தின் அட்டையைத் திறந்தால் உள்ளே அதன் சொந்த அட்டை, வெளிர் பச்சை, பிஸ்கட் கவர் மாதிரி மெலிசு. விலை 37 நயா பைசா. அணாவிலிருந்து புதுக் காசுக்கு மாறிய காலம், ஆறணாவைத்தான் 37 என்று போட்டிருக்கிறார். லகரத்துக்கும் ணகரத்துக்கும் ஐகாரம் வரும் இடமெல்லாம் பழைய தும்பிக்கை எழுத்து. தாள் பழுப்பாகி, ஓரம் விரல் பட்டால் உதிர்ந்தது. மேஜையில் வைத்தபடியே, இரண்டு கையாலும் பக்கத்தைத் தாங்கித் திருப்பினேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு மூலையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

நகல் கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து முழுவதையும் பென்சிலால் எழுதினேன். முதல் நாள் மாலை வெளியே வந்து, மரத்தடியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அட்டை பச்சைதானே என்று கேட்பார் என நினைத்தேன். அம்மா கேட்டது இதுதான்: "ஏல, ஒன்பதாம் பக்கத்துல அன்னம் பாட்டுல மையால திருத்தியிருக்கா, பாரு."

மறுநாள் காலையில் ஒன்பதாம் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். அச்சுக் கோத்தவர் 'அன்னம்' என்பதை 'அண்ணம்' என்று கோத்துவிட்டார். குழந்தைகள் பறவையைப் படிக்க வேண்டிய இடத்தில் மேல்வாய் வந்துவிட்டது. திரும்ப அச்சடிக்கக் காசில்லை. தாத்தா கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிரதியிலும் 'ண்ண' மேல் கோடு போட்டு, மேலே 'ன்ன' என்று பேனாவால் எழுதினாராம். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்தில் உட்கார்ந்து மையொற்றும் தாளால் ஒற்றி ஒற்றிக் கொடுத்தது அம்மாவின் வேலை. கொல்கத்தாவுக்கு வந்த பிரதியிலும் அந்தத் திருத்தம் இருந்தது. நீலக்கருப்பு மை, அறுபது வருஷத்தில் கொஞ்சம் பழுப்பு ஏறியிருந்தது. எதிர்ப் பக்கத்தில் அதன் நிழல் துளிகூடப் படியவில்லை. நன்றாகத்தான் ஒற்றியிருக்கிறார்.

நீங்கள் புத்தகம் போட்டிருந்தால்

நிறையப் பேர் இப்போது கைக்காசு போட்டுக் கவிதை, ஊர் வரலாறு, குடும்ப நினைவுகள் என்று சின்னச் சின்னப் புத்தகம் போடுகிறார்கள். நூறு பிரதி அடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் நான்கு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். ஒன்று தேசிய நூலகம், பெல்வெடேர், கொல்கத்தா 700027. இன்னொன்று கன்னிமாரா, எழும்பூர், சென்னை 600008. மற்ற இரண்டும் மும்பை, டெல்லிக்கு. 30 நாளுக்குள் பதிவுத் தபாலில் போடுங்கள். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயரை முழுமையாக, முன்னெழுத்தின் விரிவோடு அச்சிடுங்கள். ஆண்டும் ஊரும் கட்டாயம் இருக்கட்டும். அச்சுப் பிழை கண்ணில் பட்டால் அனுப்பும் பிரதியில் கையால் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

எழுதிக்கொண்டுவந்த 32 பக்கத்தையும் போன வருஷம் திரும்ப அச்சிட்டோம். 'அன்னம்' சரியாக வந்திருக்கிறது. நான்கு பொட்டலத்தையும் அம்மாதான் கட்டினார். பாளையங்கோட்டைத் தபால் நிலையம் கொடுத்த ரசீதுகள் நான்கும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.